மன்றப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்துவிட்டதா? ஜூன் முதல் ஏப்ரல் வரை பள்ளி மன்றம் நடத்தும் வழி

ஜூன் மாதம், பள்ளி திறந்த முதல் வாரம். ஆசிரியர் கூட்டத்தில் டீ வந்து ஆறிக்கொண்டிருக்கும்போது பொறுப்புகளைப் பிரிப்பார்கள். தேர்வு ஒருவருக்கு, உதவித்தொகை ஒருவருக்கு, விலையில்லாப் பொருள்கள் ஒருவருக்கு என்று போய்க்கொண்டே இருக்கும். கடைசியில், "மன்றமெல்லாம் நீங்க பாத்துக்குங்க சார், புதுசா வந்திருக்கீங்க, சுறுசுறுப்பா இருக்கீங்க" என்று ஒரு பழைய கோப்பு உங்கள் பக்கம் நகரும். திறந்து பார்த்தால் போன வருடத் தொடக்க விழா அழைப்பிதழ் ஒன்று, குழுப் புகைப்படம் இரண்டு, நிறைவு விழாவுக்குப் பொன்னாடை வாங்கிய ரசீது ஒன்று. நடுவில் இருந்த எட்டு மாதத்துக்கு ஒரு தாள்கூட இருக்காது.

என் கைக்கு வந்த கோப்பும் அப்படித்தான் இருந்தது. முதல் வருடம் முடிந்து நான் ஒப்படைத்த கோப்பும் ஏறக்குறைய அப்படித்தான். இரண்டாவது தடவை பொறுப்பு வந்தபோதுதான் கொஞ்சம் புத்தி வந்தது. பிள்ளைகள் மன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வருவதற்கு ஒரே காரணம், போன வாரம் தொடங்கிய வேலை இன்னும் முடியவில்லை என்பதுதான். மழை அளக்க வைத்த பாட்டிலைப் பார்க்க, "அந்தப் பாட்டில்ல தண்ணி எவ்ளோ ஏறியிருக்கு?" என்று ஒரு பிள்ளை ஓடிவந்தால் அந்த மன்றம் நடக்கிறது என்று அர்த்தம். வாரா வாரம் புதுப் போட்டி, புதுத் தலைப்பு என்று மாற்றிக்கொண்டே இருந்தால் நமக்கும் மூச்சு வாங்கும், அவர்களுக்கும் ஒட்டாது.

கீழே எழுதியிருப்பதெல்லாம் 6 முதல் 10 வரை உள்ள ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியை மனதில் வைத்தது. உதவிபெறும் பள்ளிக்கும் மெட்ரிக் பள்ளிக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

எத்தனை மன்றம்?

முதல் வேலை, பெயர்களை ஒரு தாளில் எழுதுவது. தமிழ் இலக்கிய மன்றம், ஆங்கில இலக்கிய மன்றம், அறிவியல் மன்றம், கணித மன்றம், சமூக அறிவியல் மன்றம், சுற்றுச்சூழல் மன்றம், தேசிய பசுமைப் படை, ஜே.ஆர்.சி. (இளம் செஞ்சிலுவைச் சங்கம்), சாரணர், சாலைப் பாதுகாப்பு, குடிமக்கள் நுகர்வோர் மன்றம், வினாடி வினா, திரைப்பட மன்றம், வானவில் மன்றம். மூச்சு விட்டுக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் மொத்தம் 9 பேர். செயலர் பெயர்களைப் பார்த்தால் ஒரே பையன் ஐந்து மன்றத்துக்குச் செயலர்.

காகிதத்தில் இவை எல்லாம் இருக்கட்டும், கேட்கும்போது காட்ட வேண்டியிருக்கும். நடப்பில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, பேச்சும் எழுத்தும்: இரண்டு இலக்கிய மன்றங்கள், வினாடி வினா, திரையிடலுக்குப் பிறகு நடக்க வேண்டிய கலந்துரையாடல் எல்லாம் இதில் அடங்கும். இரண்டாவது அறிவியலும் கணிதமும். 6 முதல் 8 வரையிலான பிள்ளைகளுக்காக 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் இதற்குள் வரும். கருத்தாளர் வந்து சோதனை செய்து காட்டும் நாளை ஒரு தனி நிகழ்ச்சியாக விட்டுவிடாமல், அவர் காட்டியதையே அடுத்த வாரம் பிள்ளைகள் செய்து பார்ப்பதாக வையுங்கள். மூன்றாவது சுற்றுச்சூழல். தேசிய பசுமைப் படை 2001-02இல் மத்திய அரசு தொடங்கியது, ஒரு பள்ளிக்கு 30 முதல் 50 மாணவர்கள் என்பது அதன் கணக்கு. ஜே.ஆர்.சி. பிள்ளைகளையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

சாரணர் மட்டும் வேறு. அதற்குச் சீருடை, பயிற்சி, தேர்வு என்று தனி ஒழுங்கு உண்டு. அதற்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர் இருந்தால் அவரிடமே இருக்கட்டும், நீங்கள் கை வைக்க வேண்டாம்.

எச்.எம்.மிடம் கேட்க வேண்டிய ஒரே விஷயம்

பணம் கேட்காதீர்கள். பீரியட் கேளுங்கள். வெள்ளிக்கிழமை கடைசிப் பீரியட், 40 நிமிடம், டைம் டேபிளில் 'மன்றம்' என்று அச்சாகியிருக்க வேண்டும். "முடியும்போது நடத்திக்குங்க சார்" என்ற பதிலை வாங்கிக்கொண்டு வந்துவிட்டால் அந்த வருடம் ஒரு நாளும் முடியாது. கணக்கு ஆசிரியர் போர்ஷன் முடிக்கவில்லை என்று அந்தப் பீரியடைக் கடன் கேட்பார். பெரும்பாலும் அவர் கேட்பது நியாயமாகவும் இருக்கும். ஆனாலும் ஜூன், ஜூலையில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பழக்கம் வேர்விடும் மாதங்கள் அவை.

பள்ளி விட்ட பிறகு வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். கிராமத்துப் பள்ளியில் அது நடக்காது. பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு இருப்பதே ஒரு டவுன் பஸ். அதை விட்டால் நடைதான். பஸ்ஸுக்கு ஓட வேண்டிய பெண் பிள்ளைகள் முதலில் நின்றுவிடுவார்கள், அப்புறம் மன்றம் என்பது பள்ளிக்குப் பக்கத்தில் வீடு உள்ள பையன்களின் கூட்டமாகிவிடும். விளையாட்டுப் பீரியடில் கை வைக்கவே வேண்டாம். பி.இ.டி. சாரின் சாபமும் சேரும், பிள்ளைகளின் சாபமும் சேரும்.

10ஆம் வகுப்பைப் பற்றி முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். காலாண்டுத் தேர்வு முடிந்ததும் அவர்களுக்குச் சிறப்பு வகுப்பு தொடங்கிவிடும். ஆகவே முதுகெலும்பு 8, 9ஆம் வகுப்புப் பிள்ளைகள்தான். 10ஆம் வகுப்பினர் செப்டம்பர் வரை வந்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகட்டும்.

ஆள் சேர்ப்பது

வகுப்பாசிரியரிடம் "நல்ல பிள்ளைங்க அஞ்சு பேர் அனுப்புங்க" என்று கேட்டால் ஒவ்வொரு வகுப்பிலும் முதல் ஐந்து ரேங்க் வரும். அவர்கள் எல்லாப் போட்டிக்கும் போகும் அதே பிள்ளைகள். அதற்குப் பதில் ஜூன் மூன்றாவது வாரம் ஒரு மதிய இடைவேளையில் மரத்தடியில் மூன்று மேசை போடுங்கள். ஒன்றில் பழைய சிறுவர் இதழ்களும் ஒரு சொல் விளையாட்டும், ஒன்றில் உருப்பெருக்கிக் கண்ணாடியும் காந்தமும், ஒன்றில் விதைகளும் உதிர்ந்த இறகுகளும். எந்த மேசையில் யார் அதிக நேரம் நிற்கிறார்கள் என்று பாருங்கள். கடைசிப் பெஞ்சுப் பையன் ஒருவன் இறகுகளைப் பார்த்து, "இது செம்போத்து, இது காடை" என்று பிரித்துவைத்ததை அந்த மேசையில்தான் பார்த்தேன். மார்க் பட்டியலில் அவன் பெயரைத் தேடக் கீழே இருந்து தொடங்க வேண்டும்.

ஒரு மன்றத்துக்கு 35 பேர் போதும். அவர்களை ஐந்து அல்லது ஆறு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு குழுவிலும் 6ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்று, 9ஆம் வகுப்புப் பிள்ளை ஒன்று கட்டாயம். பெயர் கொடுத்து இடம் கிடைக்காதவர்களைத் தனியாக எழுதிவையுங்கள், ஆகஸ்டில் தேவைப்படும்.

பதவிகள்

தலைவர், செயலர், பொருளாளர் என்று மூன்று பெயரை அறிவித்துப் பேட்ஜ் குத்திவிட்டால் அவர்கள் வருடம் முழுக்கப் பேட்ஜோடு மட்டும் இருப்பார்கள். பதவிக்கு ஒரு வேலை இருக்க வேண்டும். தலைவருக்கு நேரம் பார்ப்பது: யாராவது பேசிக்கொண்டே போனால் மணி அடிக்க வேண்டும், அது சாராக இருந்தாலும். செயலருக்குப் பதிவேடு. மூன்றாவது ஆள் பொருள் காப்பாளர், பெட்டியும் சாவியும் அவர் கையில். நான்காவது செய்தியாளர், திங்கட்கிழமை பிரேயரில் 3 நிமிடம் மன்றச் செய்தி வாசிப்பவர். காலாண்டுக்கு ஒருமுறை பதவிகள் மாற வேண்டும்.

தேர்தலை ரகசிய வாக்கெடுப்பாகவே வையுங்கள். வாக்குச்சீட்டு, அட்டைப் பெட்டி, பெயர்ப் பட்டியலில் டிக், விரலில் மை எல்லாம் உண்டு. சமூக அறிவியல் பாடத்தில் ஒரு அலகு நடத்திய பலன் கிடைத்துவிடும். ஒரு எச்சரிக்கை: ஸ்கெட்ச் பேனா மையை வைத்து நாங்கள் செய்த தேர்தலில் பதிவான வாக்குகள், இருந்த ஆட்களைவிட நான்கு கூடுதல்.

முதல் நான்கு வெள்ளி

வருடம் எப்படிப் போகும் என்பது இந்த நான்கு வாரத்தில் தெரிந்துவிடும். அதனால் இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

முதல் வெள்ளி பேச்சே வேண்டாம். மன்றத்தின் நோக்கங்கள், மாணவர் கடமைகள் என்று எதுவும் வேண்டாம். குழுவுக்கு ஒரு காகிதம் கொடுத்து வளாகத்தைச் சுற்றி வரச் சொல்லுங்கள். எத்தனை மரம், எந்தக் குழாய் ஒழுகுகிறது, எந்தச் சுவரில் நிழல் இருக்கிறது, எங்கே எறும்புப் புற்று, யார் யார் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். 25 நிமிடத்தில் திரும்ப வேண்டும். ஒவ்வொரு குழுவும் பார்த்ததைச் சொல்லும். யாருக்கும் பெயர் தெரியாத ஒரு மரம் நிச்சயம் இருக்கும். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்லாதீர்கள். ஒரு இலையைக் கொடுத்து வீட்டில் கேட்டுவரச் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

இரண்டாவது வெள்ளி மூன்று பெயரோடு வருவார்கள். ஒரு தாத்தா ஒன்று சொல்லியிருப்பார், இன்னொரு அப்பத்தா வேறொன்று சொல்லியிருப்பார். எது சரி என்று சண்டை வரும். வரட்டும். தேர்தலையும் அன்றே முடித்துவிடுங்கள்.

மூன்றாவது வெள்ளி பதிவேடு தொடங்குவது. கோடு போட்ட நீளமான நோட்டு, அட்டை கெட்டியாக இருக்க வேண்டும். தேதி, வந்தவர்கள், செய்தது, முடியாமல் நிற்பது, அடுத்த வாரம் யார் எதைக் கொண்டுவர வேண்டும் என்று ஐந்து தலைப்பு. 'முடியாமல் நிற்பது' என்பதுதான் முக்கியமான கட்டம். ஒரு வாரம் அது காலியாக இருந்தால் அடுத்த வாரம் வருகை குறையும், எண்ணிப் பாருங்கள். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையால் திருத்த வேண்டாம். அது அவர்கள் நோட்டு.

நான்காவது வெள்ளிக்குள் பத்துப் பேர் வராமல் நின்றிருப்பார்கள். திட்ட வேண்டாம், காரணம் கேட்டுவிட்டு விடுங்கள். காத்திருப்புப் பட்டியலில் இருந்து ஆள் எடுங்கள். அந்த வாரம் செய்தியாளர் பிரேயரில் வாசிக்க வேண்டியதை எல்லோரும் சேர்ந்து எழுதட்டும்.

பேச்சு மன்றம்: மனப்பாடத்தை உடைப்பது

இலக்கிய மன்றம் என்றால் நம் பள்ளிகளில் ஒரே காட்சிதான். "அவையில் வீற்றிருக்கும் சான்றோர்களே" என்று தொடங்கி, அக்கா எழுதிக்கொடுத்த தாளை ஒரே மூச்சில் ஒப்பித்து, நடுவில் ஒரு வரி மறந்து, மேலே மின்விசிறியைப் பார்த்து, அழுகையோடு இறங்கும் ஒரு பிள்ளை. அதைப் பார்த்த மற்ற முப்பது பேரும் மேடைப் பக்கமே வரக் கூடாது என்று முடிவு செய்துவிடுவார்கள்.

ஆகவே முதல் ஒரு மாதம் மேடை கிடையாது, தலைப்பும் கிடையாது. வட்டமாக உட்கார வையுங்கள். பையில் இருக்கும் ஒரு பொருளை எடுத்து அதைப் பற்றி ஒரு நிமிடம் பேச வேண்டும். பென்சில் பெட்டி, டிபன் மூடி, பஸ் டிக்கெட், எதுவும் சரி. பஸ் டிக்கெட்டை வைத்துக்கொண்டு கண்டக்டர் சில்லறை தராத கதையை ஒரு பெண் சொன்னபோது பக்கத்து வகுப்பே ஜன்னலில் நின்றது. சொந்தக் கதை யாருக்கும் மறக்காது. இரண்டாவது மாதம் நின்றுகொண்டு இரண்டு நிமிடம். மூன்றாவது மாதம் சீட்டு எடுத்து, ஐந்து நிமிடம் யோசித்துப் பேசுவது.

ஆகஸ்டில் பட்டிமன்றம் வைக்கலாம். 40 நிமிடத்துக்குள் முடிய வேண்டும் என்றால் அணிக்கு மூன்று பேர், ஆளுக்கு 3 நிமிடம், நடுவருக்கு முன்னும் பின்னும் சேர்த்து 8 நிமிடம். நடுவர் மாணவராகவே இருக்கட்டும். தலைப்புதான் பாதி வெற்றி. 'அறிவியல் வளர்ச்சி ஆக்கமா அழிவா' என்று கொடுத்தால் கைடு புத்தகம் பேசும். 'நம்ம ஊருக்கு முதலில் வேண்டியது நூலகமா, விளையாட்டு மைதானமா' என்று கொடுங்கள், ஊர் பேசும். எந்த அணி என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். தனக்குப் பிடிக்காத பக்கத்துக்காக வாதாடும்போதுதான் பிள்ளைகள் உண்மையில் யோசிக்கிறார்கள்.

ஆனால் இந்த மன்றத்துக்கும் முடியாத வேலை ஒன்று வேண்டுமே. நான் கண்டதில் மிகச் சிறந்தது, சொல் சேகரிப்பு. ஒவ்வொரு பிள்ளையும் வீட்டில் இருக்கும் பெரியவரின் தொழிலில் இருந்து வாரம் ஐந்து சொல் கொண்டுவர வேண்டும். பொருளும், முடிந்தால் ஒரு சின்னப் படமும். உழவர் வீட்டுப் பிள்ளை நுகத்தடி, மேழி, கொழு, ஏர்க்கால் என்று கொண்டுவரும். நெசவாளர் வீட்டில் இருந்து பாவு, ஊடை, நாடா, அச்சு வரும். சமையல் வேலைக்குப் போகிறவர், கொத்தனார், ஆடு மேய்ப்பவர், மெக்கானிக் என்று எந்த வீடும் வெறுங்கையாக இருக்காது. மெக்கானிக் ஷாப்பில் இருந்து வரும் சொல்லெல்லாம் ஆங்கிலமாக இருக்கிறதே என்று கழிக்க வேண்டாம், அங்கே அவை என்ன பாடு பட்டு என்ன உச்சரிப்பில் வாழ்கின்றன என்று பதிவதே சுவாரசியம். வருடக் கடைசியில் அகர வரிசைப்படுத்தித் தைத்தால் ஊர் அகராதி. எங்கள் நோட்டில் இரண்டு வருடத்தில் அறுநூறு சொல்லுக்கு மேல் சேர்ந்தது. அதில் பாதிக்கு மேல் தமிழாசிரியரான எனக்கே தெரியாதவை.

கையெழுத்து இதழ், சுவரிதழ் எல்லாம் செய்யலாம். மாதம் ஒரு சார்ட் போதும். பிள்ளைகளின் நல்ல ஆக்கங்களைப் பள்ளிக் கல்வித்துறையின் தேன்சிட்டு இதழுக்கும் அனுப்பிவையுங்கள். வந்தால் கொண்டாட்டம், வராவிட்டால் சுவர் இருக்கிறது.

அறிவியலும் சுற்றுச்சூழலும்: காசில்லாத நான்கு வேலைகள்

*மழைமானி.* ஆகஸ்டுக்குள் செய்துவிடுங்கள், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது பழகியிருக்கும். 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்று, பக்கச் சுவர் நேராக இருக்க வேண்டும், இடுப்பு ஒடுங்கிய பாட்டில் ஆகாது. கழுத்துக்குக் கீழே வெட்டி, மேல்துண்டைத் தலைகீழாகப் புனல் மாதிரிச் செருகுங்கள். அடிப்பக்கம் குழிவாக இருப்பதால் கூழாங்கல் போட்டு, நேரான பகுதி தொடங்கும் இடம் வரை தண்ணீர் ஊற்றி அங்கே பூஜ்யக் கோடு போடுங்கள். அதற்கு மேல் மில்லிமீட்டர் அளவுகோல் ஒட்டினால் மானி தயார். மரத்தடியிலோ கூரையோரத்திலோ வைக்கக் கூடாது, காற்றில் சாயாமல் செங்கல் அணைக்க வேண்டும். வானிலைத் துறை ஒரு நாள் மழையைக் காலை 8.30க்குக் கணக்கிடுகிறது. நீங்களும் அதே நேரத்தில் பார்த்தால் செய்தியில் சொல்லும் அளவோடு ஒப்பிடலாம். முதல் பஸ்ஸில் வரும் பிள்ளைக்கு இந்த வேலை. பார்த்த பின் நீரைப் பூஜ்யக் கோட்டுக்குக் கொண்டுவர மறக்கக் கூடாது.

இதிலிருந்து கணிதம் கிளம்பும். ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர். பள்ளிக் கூரை 200 சதுர மீட்டர், மழை 40 மில்லிமீட்டர் என்றால் 8,000 லிட்டர். "அவ்ளோ தண்ணியும் எங்க சார் போச்சு?" என்று ஒருவன் கேட்பான். மழைநீர் சேகரிப்புக் குழாய் உடைந்து கிடக்கும் இடத்துக்கு அன்றைக்கே பதிவேட்டோடு போங்கள்.

*நிழலில்லா நாள்.* நம் மாநிலம் முழுவதும் கடக ரேகைக்குத் தெற்கே இருப்பதால் வருடத்தில் இரண்டு நாள் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். ஏப்ரலில் வரும் நாள் தேர்விலும் விடுமுறையிலும் போய்விடும். இரண்டாவது நாள் பள்ளி நடக்கும்போதே வரும்: சென்னையில் ஆகஸ்ட் 18ஐ ஒட்டி, மதுரையில் ஆகஸ்ட் 26ஐ ஒட்டி, கன்னியாகுமரியில் செப்டம்பர் 1ஐ ஒட்டி. நேரம் சரியாக 12 மணி இல்லை. சென்னையில் சுமார் 12.13, மதுரையில் சுமார் 12.20. பி.வி.சி. பைப் துண்டு ஒன்றைச் சமதரையில் செங்குத்தாக நிறுத்துங்கள், நூலில் கல் கட்டித் தொங்கவிட்டுச் செங்குத்தைச் சரிபாருங்கள். 12 மணியிலிருந்து இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் முனையில் சாக்பீஸ் புள்ளி. நிழல் சுருங்கிச் சுருங்கிப் பைப்புக்குள் போய்விடும், அப்புறம் மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஆகஸ்டில் மேகம் காலை வாரும், அதனால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று நாள் சேர்த்தே வைத்துக்கொள்ளுங்கள், வித்தியாசம் மிகக் குறைவுதான்.

*பறவைப் பட்டியல்.* இதற்குத் தேவை ஒரு நோட்டும் 15 நிமிடமும். வாரம் ஒருநாள், ஒரே இடம், ஒரே நேரம். காகம், மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், தேன்சிட்டு, கொண்டலாத்தி, பனங்காடை என்று இருபது இனம் சேர அதிக நாள் ஆகாது. தெரியாத பறவைக்குப் பெயர் ஊகிக்க வேண்டாம், 'தெரியாதது 1' என்று எழுதி, நிறம், அலகு, வால், என்ன செய்தது என்று குறித்தால் போதும். பொங்கல் விடுமுறையில் மாநிலம் முழுக்கப் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, 2015இல் தொடங்கியது. பிள்ளைகள் அவரவர் ஊர்க் குளத்தங்கரையில் எண்ணிக்கொண்டு வருவார்கள், நீங்கள் பறவைப் பதிவுகளுக்கான இ-பேர்டு இணையதளத்தில் ஏற்றலாம். பிப்ரவரியில் உலக அளவிலான கணக்கெடுப்பும் உண்டு.

*பனை.* ஆகஸ்ட், செப்டம்பரில் பனம்பழம் விழும். கொட்டைகளைச் சேர்த்து, வேலியோரமாகவோ ஊராட்சியின் அனுமதியோடு குளக்கரையிலோ பத்தடிக்கு ஒன்றாக ஊன்றலாம். மரக்கன்று நட்டுப் படம் எடுப்பதைவிட இது மேல், தண்ணீர் ஊற்ற ஆள் தேட வேண்டாம். ஒரே ஒரு தொந்தரவு. பனை முதலில் கீழே இறங்கும், இலை வெளியே வர மாதங்கள் ஆகும். கீழே இறங்குவது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். ஒரு வருடம் நாங்கள் ஊன்றிய 60 கொட்டையில் பாதிக்கு மேல் பொங்கலுக்கு முன்னாலேயே கிழங்காகப் பிடுங்கி அவித்துத் தின்னப்பட்டது, தின்றவர்கள் மன்ற உறுப்பினர்கள். இப்போதெல்லாம் தின்பதற்கென்றே தனிப் பாத்தி போடச் சொல்கிறேன்.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு 1928இல் அறிவிக்கப்பட்டதை நினைவுகொள்ளும் நாள். அன்றைக்குத் தெர்மாகோல் எரிமலை வேண்டாம். மழை, நிழல், பறவை மூன்றின் வரைபடங்களையும் சுவரில் ஒட்டி, பிள்ளைகளையே விளக்க விடுங்கள். இந்தத் தரவுகள் கையில் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நம் மாநிலத்தில் ஒருங்கிணைக்கும் தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கும் போகலாம். 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் உள்ளூர்ச் சிக்கல் ஒன்றைக் குழுவாக ஆராய்ந்து சொல்ல வேண்டும். மாணவர்களின் புது யோசனைகளுக்கு மத்திய அரசு தரும் இன்ஸ்பயர் மானக் விருதுக்கும் யோசனை அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் மாணவர் கணக்கில் வரும். அந்த யோசனை பிள்ளையுடையதாக இருக்கட்டும். நடுவர்கள் இரண்டு கேள்வியில் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பணமும் பெட்டியும்

அளவு நாடா, நூல்கண்டு, சார்ட், ஸ்கெட்ச் பேனா, உருப்பெருக்கி இரண்டு, நோட்டு மூன்று, பூட்டு ஒன்று. ஆயிரம் ரூபாய்க்குள் வருடம் ஓடும். பிள்ளைகளிடம் வசூல் மட்டும் செய்யாதீர்கள், ஐந்து ரூபாய் கொண்டுவர முடியாத பிள்ளை மன்றத்தை விட்டே நின்றுவிடும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பதிவேட்டைக் காட்டிக் கேளுங்கள். பழைய மாணவர்களும் தருவார்கள், ரசீது கொடுங்கள்.

வெளியே அழைத்துப்போகும்போது

குளமோ, நூலகமோ, தபால் நிலையமோ, எதுவானாலும் எச்.எம். அனுமதி எழுத்தில், பெற்றோர் ஒப்புதல் கையெழுத்தோடு. பெண் பிள்ளைகள் வந்தால் ஓர் ஆசிரியை கட்டாயம். 15 பிள்ளைக்கு ஒரு பெரியவர். முதலுதவிப் பெட்டி, தண்ணீர், பெயர்ப் பட்டியல். நீர்நிலையில் யாரும் இறங்கக் கூடாது, "கால் மட்டும் நனைக்கிறேன் சார்" என்பதற்கும் இல்லை என்பதுதான் பதில். புதருக்குள் கை விடக் கூடாது. போகும்போதும் வரும்போதும் தலை எண்ணுங்கள். பிள்ளைகளின் படத்தை உங்கள் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடாதீர்கள். மன்ற அறிவிப்புப் பலகையின் ஓரத்தில் 14417 (பள்ளிக் கல்வி), 1098 (குழந்தைகள் பாதுகாப்பு) இரண்டு உதவி எண்களும் நிரந்தரமாக எழுதியிருக்கட்டும்.

விழாக்கள், போட்டிகள்

தொடக்க விழா நடத்தித்தான் ஆக வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து முதல் நாட்டுப்பண் வரை 40 நிமிடம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கூடாது. வெயிலில் தரையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குச் சிறப்புரையின் முப்பதாவது நிமிடத்தில் எந்த மன்றமும் பிடிக்காது. விருந்தினராக ஊரின் செவிலியரையோ, பஸ் ஓட்டுநரையோ, மண்பானை செய்பவரையோ அழையுங்கள். அவர் பேச வேண்டாம், பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும். பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம்.

2022-23 முதல் நடக்கும் கலைத் திருவிழாவுக்குப் பள்ளி அளவில் இருந்து வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று படிகள் உண்டு. பெயர் கொடுக்கும்போது ஒரு பிள்ளைக்கு அதிகபட்சம் இரண்டு போட்டி என்று உங்களுக்குள் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். வெற்றிக் கேடயம் குறையலாம், மேடை ஏறிய பிள்ளைகளின் எண்ணிக்கை கூடும்.

ஒப்படைப்பு

மார்ச் இரண்டாவது வாரத்தில், ஆண்டுத் தேர்வு பரபரப்புக்கு முன், 8ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பொறுப்பைக் கைமாற்றுங்கள். மூன்று பதிவேடு, பெட்டி, பொருள் பட்டியல், சாவி இரண்டு. இன்னொரு சாவி அலுவலகத்தில் இருக்கட்டும், நீங்கள் மாறுதலில் போனாலும் பூட்டை உடைக்க வேண்டி வராது. பழைய செயலர் புதிய செயலருக்குப் பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று வைத்திருந்தோம். ஒரு வருடம் ஒரு மாணவி எழுதியது இது:

"பாட்டில் வெயிலில் வெடித்துவிட்டது, ஜூனில் புதுசு செய்யவும். 'தெரியாதது 3' இன்னும் தெரியவில்லை, கிணற்றுப் பக்கம் காலையில் வரும். ஆகஸ்ட் 26 அன்று 12 மணிக்கே கொடிக்கம்பத்துக்கிட்டப் போகவும், போன தடவை மேகம். சொல் நோட்டில் 'ழ' வரிசை காலியாக இருக்கிறது, அந்த எழுத்தில் சொல் தொடங்காது என்று சார் கடைசி வாரம்தான் சொன்னார்."